புள்ளி வண்டுப் பொத்தான்

உங்கள் புதிய பதிப்பில் எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே படிக்க முடிந்தது. தாளும் தரமான தாள். முதலில் அதற்கு நன்றி.

தவிட்டுக்குருவிப் படைக் கதைகளைச் சிறுவயதில் படித்தவர்கள் இப்போது திரும்பப் படித்துவிட்டு, என்ன தோன்றுகிறது என்று எழுதி அனுப்பலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். நல்லவற்றை அடுத்த தொகுப்பில் சேர்ப்பீர்களாம். நான் எழுதுவதைச் சேர்க்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஒருவர் கேட்டபின் பதில் எழுதாமல் விடுவது என் வழக்கமில்லை.

என் பெயர் அற்புதராஜ். ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு லேஅவுட்டில் குடியிருக்கிறேன். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எங்கள் பிரிவின் வேலை சுலபமானது. வரிசையில் வரும் பாகத்தை எடுத்துப் பார்ப்போம். தேறாது என்றால் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்போம். அவ்வளவுதான். அதை எடுத்துப்போய் நசுக்குவது வேறு பிரிவு. அந்தக் கொட்டகைப் பக்கம் நான் போனதே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

படித்தது வேப்பனப்பள்ளியில். ஆந்திரமும் கர்நாடகமும் கூப்பிடு தூரம் என்பதால், வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, சிலருக்குக் கன்னடம், மிச்சப் பேருக்குத்தான் தமிழ். எங்கள் டிரில் மாஸ்டர் கோலார் பக்கத்துக்காரர். பிரார்த்தனைக்கு எவனாவது சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு வந்து நின்றால், "ஏய், குண்டி எங்கடா? குண்டி போட்டுக்கிட்டு வாடா" என்பார். கன்னடத்தில் குண்டி என்றால் பொத்தான். முதல் தடவை கேட்டபோது பள்ளிக்கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவருக்கு எதற்கென்று புரியவில்லை. பொத்தான் இல்லாத பையனை விட்டுவிட்டு, தன் வேட்டி சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். நாளாவட்டத்தில் அந்தச் சொல் எங்களுக்குப் பழகிப்போனது.

அந்த மாஸ்டரிடம்தான் நூலக அலமாரியின் சாவி இருந்தது. தவிட்டுக்குருவிப் படையை அங்கேதான் கண்டுபிடித்தேன். மலையூர் ஒன்றில் விடுமுறைக்கு வந்த ஐந்து பிள்ளைகள். தவிட்டுக்குருவி மாதிரிக் கீச்சிட்டு ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். காணாமல் போன சிலை, கள்ளச் சாவி, பூட்டிய பங்களா. ஒவ்வொரு கதையின் முடிவிலும் இன்ஸ்பெக்டர் மாமா ஜீப்பில் வந்து இறங்குவார். திருடன் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவான். பிள்ளைகளுக்கு முறுக்கும் பாலும் கிடைக்கும். தரையில் கிடந்த ஒரு சிறு பொருளை வைத்து ஒரு மனிதனையே பிடித்துவிடுகிறார்களே என்று எனக்கு ஒரே பிரமிப்பு.

ஓய்வு பெற்ற சமயத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்தப் புத்தகங்கள் கட்டாகக் கிடைத்தன. அதாவது, நீங்கள் திருத்துவதற்கு முந்தைய பழைய பதிப்பு. எல்லாவற்றையும் வாங்கி வந்து ஒழுங்காகப் படித்தேன்.

அருவருப்பாக இருந்தது.

நீங்கள் பதிப்பாளர், வருத்தமாக இருக்கலாம். ஆனால் நீங்களும் வளர்ந்தவர் என்பதால் சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் அடுத்தவன் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். வாடகைக்கு வந்தவன் குளிக்கும்போது அவன் டிரங்குப் பெட்டியைக் கிளறுகிறார்கள். திக்கிப் பேசும் சமையற்காரனை நடுக்கூடத்தில் நிறுத்தி, அவன் மாதிரியே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு படம்கூடப் போட்டிருக்கிறார்கள். சமையற்காரன் அழுகிறான், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், மூலையில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் மாமா மீசையைத் தடவுகிறார். எட்டு வயதில் அந்தப் படத்துக்கு நான் வண்ணம் தீட்டி அடி வாங்கியிருக்கிறேன். இப்போது வாயில் எச்சில் ஊறி, எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். சிறுவயதில், தடயத்தை வைத்துத்தான் திருடனைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. திருடன் கதைக்குள் வரும்போதே அவனுக்கு மஞ்சள் பல் இருக்கும். நகத்தில் அழுக்கு இருக்கும். வேறு ஊர்ப் பேச்சு பேசுவான். கண்ட இடத்தில் துப்புவான். எவனைப் பார்த்து நமக்குக் குமட்டுகிறதோ, அவன்தான் கடைசியில் ஜீப்பில் ஏறுகிறான். ஒரு புத்தகத்தில்கூட ஆசிரியர் ஏமாற்றவில்லை. தடயம் என்பது பிறகு போட்டுக்கொள்கிற அலங்காரம். எங்கள் பிரிவிலும் அப்படித்தான். அனுபவப்பட்டவன் கையில் எடுத்ததுமே தேறாது என்று சொல்லிவிடுவான். அளவுகோல் வைத்துப் பார்ப்பது பிறகுதான்.

இனி சென்னப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டு கேட்டுக்கு நேர் எதிரே ஒரு புங்க மரம். அதன் நிழலில் அவனுடைய இஸ்திரி வண்டி நின்றது. மாலூர் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவன். கரிப் பெட்டி போட்டுத்தான் தேய்ப்பான். புகை என் வரவேற்பறைக்குள் வரும். ஆனால் என் சங்கடம் புகை அல்ல. துணி நனைக்க அவன் ஒரு சொம்பிலிருந்து வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக்கொள்வான். கன்னம் இரண்டும் உப்பும். உதட்டைக் குவித்து, தலையை ஒரு வீச்சு வீசி, புகை மாதிரி மெல்லிய சாரலாகத் துணியின்மேல் ஊதுவான். பல் எல்லாம் புகையிலைக் கறை. அந்தப் பல்லுக்கு நடுவில் வந்த தண்ணீர்தான் என் சட்டைக் காலரில் இறங்கியது. வேலைக்குப் போன நாட்களில், கம்பெனியில் மத்தியானம் வியர்க்கும்போது அந்தக் காலர் மறுபடியும் ஈரமாகும். அவன் வாய் என் கழுத்தில் இருப்பதுபோல இருக்கும்.

என் மனைவி ஜெபசீலியிடம் சொன்னேன். "சூட்டுல ஆவியாப் போற தண்ணிக்கு நீங்க ஏங்க இப்படிக் கெடந்து சாகுறீங்க" என்றாள். அவள் தொடர்ந்து அவனிடமே போட்டாள். அவனைப்போல யாரும் மடிப்பு வைப்பதில்லையாம். அது உண்மைதான். நான் மறுக்கவில்லை.

நியாயமாக எல்லாம் செய்து பார்த்தேன். என் சொந்தச் செலவில் அவனுக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். "இது குருவி மூத்திரம் பேஞ்ச மாதிரி வருதுங்க சார்" என்றான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்தான். அதன்பிறகு அந்தப் பாட்டில் வண்டியின் ஆணியில் தொங்கியது. வெயில் நேரத்தில் தன் முகத்தில் அடித்துக்கொள்வான். குடியிருப்போர் சங்கத்துக்கு முறைப்படி மனு எழுதினேன். வண்டியை வேறு தெருவுக்கு மாற்றினால் போதும் என்றுதான் கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "பாவம் சார், ஓரமா நின்னு பொழச்சிட்டுப் போறான்" என்று மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த ஊரில் பாவம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லேஅவுட் பிள்ளைகளுக்குக் கதை படிக்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் வரவேற்பறையிலேயே பாய் விரித்துப் படிப்பேன். தவிட்டுக்குருவிப் படையைத்தான் படித்தேன். அருவருப்பாக இருந்ததைப் பிள்ளைகளுக்கு ஏன் படித்தீர்கள் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. சமையற்காரன் திக்குகிற இடத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பெற்றவர்களுக்கும் நிம்மதி, அந்த நேரம் மட்டும் பிள்ளைகள் போனைத் தொடுவதில்லை.

எல்லாரிலும் சூட்டிகை சுவாதி. ஆறாம் வகுப்பு. அடுத்த வீட்டு சுரேந்தரின் மூத்த மகள். சுரேந்தர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தார். எங்கள் லேஅவுட்டில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வந்ததில்லை.

ஒருநாள் சுவாதி கேட்டாள்: "அங்கிள், நம்ம லேஅவுட்ல மட்டும் ஏன் ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது?"

நியாயமான கேள்வி. அவளுக்காகச் சின்னச் சின்னதாக ஏற்பாடு செய்தேன். என் செருப்பில் ஒன்றை நானே ஒளித்து வைத்துவிட்டுக் காணோம் என்றேன். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் வாலை வெட்டி மொட்டைமாடியில் போட்டேன். வழியில் தடயம் வைப்பேன். பிள்ளைகள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு தேடுவார்கள். கண்டுபிடித்ததும் ஜெபசீலி முறுக்கும் பாலும் கொடுப்பாள். அவர்களில் மேக்ஸ்வெல் என்ற பையன் மட்டும் முறுக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். மற்றவர்களிடம் தேறாத குணம் எதுவும் இல்லை.

போன பங்குனியில் எல்லார் போனிலும் ஒரு குரல்பதிவு சுற்றியது. எல்லை தாண்டி ஆட்கள் வந்திருக்கிறார்கள், வியாபாரி வேஷத்தில் பிள்ளை பிடிக்கிறார்கள், ஜாக்கிரதை என்று யாரோ ஒரு பெண் அழுகிற குரலில் சொன்னாள். எனக்கும் நாலைந்து பேர் அனுப்பினார்கள். பொய் என்று கேட்டதுமே தெரிந்தது. நான் யாருக்கும் அனுப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அதே வாரத்தில் ஒருநாள் நல்ல காற்று. சுரேந்தர் வீட்டு மாடிக் கொடியிலிருந்து ஒரு குட்டிக் கவுன் பறந்து வந்து என் வீட்டுச் செம்பருத்தியின்மேல் விழுந்தது. சுவாதியின் தங்கை சௌமியாவுடையது. நாலு வயதுப் பிள்ளை. மஞ்சள் கவுன், முன்பக்கம் புள்ளி வண்டு வடிவத்தில் சிவப்புப் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் கறுப்புப் புள்ளி. நான் திருடவில்லை. பறந்து வந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னப்பன் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனான். திங்கட்கிழமைக்குச் சட்டை வேண்டும் என்பதால் ஞாயிறு அவனுக்கு வேலை அதிகம். நான் கேட்டைத் திறந்து, தெருவைக் கடந்து, கவுனை வண்டியின் அடித்தட்டில் கரிச் சாக்குக்குக் கீழே தள்ளினேன். அதற்கு முன் ஒரு பொத்தானைப் பிய்த்துச் சக்கரத்தின் ஓரத்தில் போட்டேன். எளிதில் கண்ணில் படவேண்டும், ஆனால் படுவதற்கென்றே போட்டதுபோல இருக்கக் கூடாது. கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டேன்.

நிமிர்ந்தபோது, சாக்கடை ஓரத்தில் கெம்பம்மா துடைப்பத்தோடு நின்றாள். எங்கள் தெரு கூட்டுகிறவள். தளி பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவாள். என் கையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "காபி ஆச்சாம்மா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மாலை கதை நேரத்தில் சுவாதியே பேச்சை எடுத்தாள். பாப்பா கவுன் காணோம், அம்மா காத்துல போயிருக்கும்னு சொல்றாங்க என்றாள். காற்று கொண்டுபோனது என்று பெரியவர்கள் சொன்னால் துப்பறிகிறவர்கள் நம்பிவிடலாமா என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் பாயைச் சுருட்டக்கூட நிற்கவில்லை. நான் அடுத்த அத்தியாயத்தில் அடையாளத் தாள் வைத்து மூடுவதற்குள் சுவாதி திரும்பி ஓடி வந்தாள். உள்ளங்கையில் பொத்தான். மூச்சு வாங்கியது.

"இஸ்திரி அண்ணன் வண்டிகிட்ட கெடந்துச்சு அங்கிள். ஆனா அம்மா அந்தக் கவுன இஸ்திரிக்கே போடலை."

அந்த ‘ஆனா’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நல்ல மூளை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளையே கேட்டேன். வண்டிக்குள் பார்க்க வேண்டும் என்றாள். தேடும்போது பெரியவர் ஒருவர் கூட இருப்பதுதான் முறை, அப்பாவைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். எந்தப் பொறுப்புள்ள மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

இந்த இடத்தில், உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் படித்த கதையில், இஸ்திரிக்காரன் ஒரு கவுனைத் திருடிவிட்டான். பிடிப்போம், திருப்பிக் கொடுப்பான், முறுக்கு கிடைக்கும். அவர்களுடைய அப்பாக்கள் படித்தது வேறு கதை. எல்லை தாண்டி வந்தவன், கரிச் சாக்குக்கு அடியில், நாலு வயதுப் பெண்பிள்ளையின் கவுன். நான் எழுதியது ஒரே வரிதான். வளர்ந்தபின் திரும்பப் படிக்கும்போது அதே வரி வேறாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால், அது பொய். அந்தப் பழைய புத்தகக் கட்டைப் படித்து முடித்திருந்தவன் நான்.

சுரேந்தர் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கத்திலிருந்து லுங்கியோடு எழுந்து வந்தார். சாக்கை இழுத்துப் போட்டார். கவுன் கரி அப்பிக் கிடந்தது. மஞ்சள் துணியில் அந்தக் கறுப்பைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அவர் அதைத் தூக்கிப் பிடித்தார். மேக்ஸ்வெல் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு ஓடினான். புத்தகத்திலும் எவனாவது ஒருவன் அப்படி ஓடுவான்.

"எம்புள்ள துணி ஒன் வண்டில எப்புடிடா வந்துச்சு?" என்றார் சுரேந்தர். மெதுவாகத்தான் கேட்டார்.

சென்னப்பனுக்கு அப்போது வாயில் தண்ணீர். கன்னம் உப்பியபடியே எல்லாரையும் பார்த்தான். துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழுங்கினான். "தேவராணெ, சத்தியமாத் தெரியாதுங்க சாமி" என்றான். அதற்குள் ஒருவர் போனில் அந்த அழுகைக் குரலை ஓடவிட்டுச் சத்தமாக வைத்தார். எந்த ஊர்க்காரன்டா நீ என்று யாரோ கேட்டார்கள். மாலூர் என்று அவன் சொல்லி முடிக்குமுன் முதல் அறை விழுந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களை எனக்குத் தெரியாது.

நான் என் கேட்டுக்கு உள்ளே நின்றேன். அவன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்துவிட்டான்.

"சார், நீங்க சொல்லுங்க சார். தெனமும் என்னப் பாக்கறீங்கல்ல சார்."

நான் எதையும் பார்க்கவில்லை, சட்டப்படி போலீஸ் வந்து விசாரிக்கட்டும் என்றேன். எல்லாரும் கேட்கும்படி தெளிவாகவே சொன்னேன்.

அப்போதுதான் கெம்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வேலை முடித்து பஸ்ஸுக்குப் போனவள், சத்தம் கேட்டுத் திரும்பியிருக்க வேண்டும். என்னைக் கைகாட்டினாள். "இல்லப்பா, அவன அடிக்காதீங்க. அந்தச் சாருக்குத் தெரியும். காத்தால சாருதான் குண்டியப் பிச்சு அங்க போட்டாரு. நா பாத்தேன். சாரு குண்டிதான் அது" என்றாள்.

முதலில் மேக்ஸ்வெல் சிரித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். கையை ஓங்கியிருந்த ஒருவர் அதைக் கீழே இறக்கிவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். "என்னா ஆயா, சாரு குண்டிய நீ எப்பப் பாத்த?" என்று ஒரு குரல். "பிச்சு வேற போட்டாராமே, சார், ஒக்கார முடியுதா சார்?" என்று இன்னொரு குரல். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு யாரோ அவள் காதில் சொன்னார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் அப்படியே திரும்பி நடந்தாள்.

நான் வேப்பனப்பள்ளியில் படித்தவன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் மூன்றே பேர். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். ஒருவன் சென்னப்பன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். புரிந்துகொண்ட முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் ஒரு புத்தகத்தில்கூட ஒழுங்காக எழுதவில்லை என்று அப்போது தெரிந்தது. அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த வாயில் சொல்லுக்கு இடமில்லை. கன்னம் உப்பியிருந்தது. உதட்டைக் குவித்தான். வழக்கம்போல் சாரலாகத்தான் வந்தது, சிவப்பாக.

மூன்றாவது ஆள் நான். நானும் சிரித்தேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு, வயதுக்குத் தகுந்த மாதிரி.

சிரித்து முடித்ததில் எல்லாருக்கும் ஒரு தெம்பு வந்திருந்தது. அதன்பிறகு அடித்தது கோபத்தில் அடித்ததுபோல இல்லை. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. உள்ளே போய்ப் போலீசுக்குப் போன் செய்தேன். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு போன் செய்தேன். கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகும் வழியில், சூளகிரி தாண்டும்போது அவன் மூச்சு நின்றதாகப் பிறகு தெரிந்தது. ஆம்புலன்ஸ் போனபின், தன் வாசற்படியில் உட்கார்ந்திருந்த சுவாதி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்கிள், கதையில கண்டுபிடிச்ச ஒடனே போலீஸ் வந்துடும்ல?"

வரும்தான் என்றேன். அவள் தன் பாவாடையிலேயே வாந்தி எடுத்தாள்.

சுரேந்தரும் இன்னும் மூன்று பேரும் கைதாகி இப்போது ஜாமீனில் இருக்கிறார்கள். அவர்களுக்காக வக்கீலிடம் கொடுக்க வேண்டிய விவரங்களை நான்தான் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். இந்தத் தெருவில் கோர்வையாக எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். சுரேந்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுவாதி பள்ளிக்கூடம் போகிறாள். யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்வி. பரிசாகக் கொடுத்திருந்த புத்தகத்தை என் கேட்டில் செருகிவிட்டுப் போயிருந்தாள். அதில் அந்தச் சமையற்காரன் படம் இருந்த பக்கத்தை மட்டும் கிழித்திருந்தாள். புத்தகத்தைக் கிழிப்பது நல்ல பழக்கமில்லை. கெம்பம்மா இன்னும் எங்கள் தெருவைக் கூட்டுகிறாள். என் வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாள். அதைப் பற்றிச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இனி உங்கள் புதிய பதிப்பு. பழையதோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். திருடர்களின் மஞ்சள் பல்லை எடுத்துவிட்டீர்கள். நகத்து அழுக்கு இல்லை. வேறு ஊர்ப் பேச்சு இல்லை. சமையற்காரன் திக்குவதில்லை. இன்றைய பிள்ளைகள் மனம் புண்படக் கூடாது என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணம் நல்லது. ஆனால் இப்படிச் செய்தால், யாரைப் பிடிப்பது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கண்ட தடயத்தை நம்பி யாரை வேண்டுமானாலும் பிடித்துவிட மாட்டார்களா? அடுத்த பதிப்பில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. கவுனை வைத்திருந்தவன் நான். பொத்தானைப் பிய்த்தவன் நான். அப்பாவைக் கூப்பிடச் சொன்னவன் நான். கெம்பம்மா சொன்னது புரிந்தும் சிரித்தவன் நான். அந்த வண்டி என் வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். புள்ளி வைப்பதுதான் என் வேலை. நசுக்கியது வேறு பிரிவு. இதை நீங்கள் காவல் நிலையத்துக்கு அனுப்ப விரும்பினால் அனுப்பலாம். பிழையில்லாமல் படி எடுத்து அனுப்பவும்.

புங்க மரத்தடி இப்போது சுத்தமாக இருக்கிறது. ஜெபசீலி தன் புடவைகளை மட்டும் தேய்த்துக்கொள்கிறாள். ஏன் என்று அவள் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. என் சட்டைகளுக்கு மின்சார இஸ்திரிப் பெட்டி ஒன்று வாங்கினேன். வண்டி ஆணியில் தொங்கிய அந்தப் பாட்டிலையும் எடுத்து வந்து கழுவி வைத்துக்கொண்டேன். காசு கொடுத்து வாங்கியது நான்தானே. ஆனால் அவன் சொன்னது சரிதான். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது, மடிப்பு நிற்பதில்லை. அதனால் இப்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சொம்பிலிருந்து வாய் நிறையத் தண்ணீரை வாங்கி, உதட்டைக் குவித்து ஊதுகிறேன். கொஞ்ச நாள் பழக வேண்டியிருந்தது. இப்போது புகை மாதிரி நன்றாக வருகிறது. என் வாய்தானே, இதில் அருவருப்பு எதுவும் இல்லை.